வாக்கொம் சிறிய எழுதுபலகை: பிள்ளையின் போனில் புள்ளி தெரிகிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கணிதம், பௌதீகவியல், இரசாயனவியல் படிப்பிப்பவர்கள் ஸூம் வகுப்புக்கென்று பென் டப்லெட் (லப்டொப்பில் செருகி, பேனாவால் எழுதினால் எழுத்து திரையில் தெரியும் பலகை) தேடினால், வாக்கொம் கம்பனியின் ‘ஒன் பை வாக்கொம்’ சிறிய அளவு, மாதிரி இலக்கம் சி.ரி.எல்-472, நம்பி வாங்கக்கூடிய சாமான். ஆனால் பெட்டியைப் பிரித்துச் செருகி, அன்று பின்னேரமே வகுப்பைத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ‘க்’ என்று எழுதினால் திரையில் ‘க’ நிற்கும். 3.5 என்று எழுதினால் 35 நிற்கும். பலகை பழுதில்லை. கீறுவதற்கும் சொடுக்குவதற்கும் ஏற்ற அமைப்போடுதான் அது வருகிறது. எழுதிப் படிப்பிப்பவருக்கு வேண்டியதை நாமேதான் மாற்றி வைக்க வேண்டும். இந்த மதிப்பீட்டில் பாதி அந்த மாற்றங்களைப் பற்றியது.

திருகோணமலையில் இதற்குத் தேவை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததே. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது எல்லாரும் ஸூமுக்கு ஓடினார்கள். 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் ஓடினார்கள். இப்போது நேரடி வகுப்புகள் வழக்கம்போல நடக்கின்றன. ஆனாலும் உயர்தரப் பிள்ளை ஒன்று மூதூரிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ரவுனுக்கு வந்து மாலை வகுப்பு முடித்துத் திரும்புவது லேசான காரியமில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு பாதை சுருங்கியது உண்மைதான். இருட்டின பிறகு பிள்ளையைத் தனியே பஸ்ஸில் அனுப்ப எந்தத் தாய் தகப்பனுக்கு மனம் வரும்? அதனால் கிழமையில் ஒரு வகுப்பையாவது இணையத்துக்கு மாற்றுகிறார்கள். அந்தப் பக்கம் பிள்ளையின் கையில் இருப்பது பெரும்பாலும் ஆறரை அங்குல போன் ஒன்று. பலகையின் தரத்தை அந்தப் போனில்தான் அளக்க வேண்டும். கடைகளில் காட்டும் விளக்கத்தாளில் அது இருக்காது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பலகையின் மொத்த அளவு 210க்கு 146 மில்லிமீற்றர். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வரும் அளவு. தடிப்பு 8.7 மி.மீ.; நிறை கால் கிலோ அளவு. எழுதக்கூடிய பகுதி 152க்கு 95 மி.மீ., ஒரு தபாலட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனாவுக்கு பற்றரி இல்லை, சார்ஜ் ஏற்றுவதும் இல்லை. பலகைக்குள் இருக்கும் கம்பிச்சுருள்கள் அனுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனா தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது. பேனாவின் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். பலகையில் ஒரு பொத்தானும் இல்லை. கழற்றக்கூடிய யூ.எஸ்.பி கேபிள் ஒன்று, பலகைப் பக்கம் மைக்ரோ முனை. பேனாவுக்கு மூன்று உதிரி முனைகளும் அவற்றைக் கழற்றும் சிறு வளையமும் கூட வரும்.

விரல் தொடுகையை இது உணராது. சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். வகுப்பெடுப்பவருக்கு அதுதான் நல்லது: உள்ளங்கையை அழுத்தி ஊன்றி எழுதலாம், தேவையில்லாத கோடு விழாது.

அழுத்த மட்டம், அதாவது பேனாவை அழுத்தும் பலத்தைப் பலகை பிரித்தறியும் படிகள், 2048. போட்டிக் கம்பனிகள் 8192 என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஓவியம் வரைபவர்கள் அதைப் பற்றி வாதாடட்டும். ஒரே தடிப்பில் சமன்பாடு எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றே. சொல்லப்போனால், வகுப்பு மென்பொருளில் அழுத்தத்துக்கேற்பத் தடிப்பு மாறுவதை நிறுத்திவைப்பது நல்லது. மெல்லிய தொடக்கமும் மெல்லிய முடிவும் போனில் அறுந்து தெரியும்.

புள்ளி ஏன் விழுவதில்லை

தமிழில் எழுதும் ஆசிரியருக்கு இதுதான் முதலாவது தலையிடி. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு ஒரு ‘ஐ’யின் புள்ளி தவறினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். தமிழில் மெய்யெழுத்து முழுக்கப் புள்ளியில்தான் நிற்கிறது. அதோடு தசமப்புள்ளி, பெருக்கற்புள்ளி, விகிதக்குறி எல்லாம் சேர்ந்தால் ஒரு பக்கத்தில் நூறு புள்ளிகளாவது வரும்.

காரணம் மூன்று. ஒன்று, பேனாவின் மெல்லிய தட்டலை மவுஸ் சொடுக்கு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த தட்டல் வருகிறதா என்று வாக்கொம் செயலி (பலகையை இயக்க லப்டொப்பில் நிறுவும் மென்பொருள்) சுற்றிலும் சிறு தூரத்துக்குச் சுட்டியை அசையவிடாமல் வைத்திருக்கும். இரண்டு, பேனாவை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் அது வலது சொடுக்கு என்று விண்டோஸ் நினைத்து, ஒரு வட்டத்தைக் காட்டிக்கொண்டு காத்திருக்கும். மூன்று, முனையின் அழுத்த உணர்வு நடுவில் வைக்கப்பட்டிருப்பதால் பூப்போலத் தொடும் தட்டல் அந்த எல்லையைத் தாண்டாது.

திருத்தும் ஒழுங்கு இது. வேறு கம்பனிப் பலகையின் செயலி லப்டொப்பில் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு மீளத் தொடக்குங்கள். இரண்டு செயலிகள் ஒன்றாக இருந்தால் சுட்டி பாய்ந்து திரியும். பிறகு வாக்கொம் தளத்திலிருந்து செயலியை இறக்கி நிறுவுங்கள். அதில் பேனா என்ற பக்கத்தில் முனை உணர்வை மென்மைப் பக்கம் இரண்டு படி நகர்த்துங்கள். இரட்டைச் சொடுக்குத் தூரத்தை முற்றாக நிறுத்துங்கள். அடுத்து விண்டோஸின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் பேனாவும் தொடுகையும் என்ற இடத்துக்குப் போய், அழுத்திப் பிடித்தால் வலது சொடுக்கு என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். கடைசியாக, ‘விண்டோஸ் இங்க்’ என்ற குறி. வன்நோட், பவர்பொயின்ட் போன்ற மைக்ரோசொப்ட் மென்பொருட்களில் எழுதுவதென்றால் அது இருக்க வேண்டும். வேறு மென்பொருளில் கோட்டின் தொடக்கம் பிந்தி வருகிறதென்றால் அதை எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கையைக் கொஞ்சம் பழக்க வேண்டும். புள்ளியைக் குத்தாமல், ஒரு மில்லிமீற்றர் நீளச் சிறு கீறலாக இழுத்து வையுங்கள். திரையில் அது தடித்த புள்ளியாகவே தெரியும், ஒருநாளும் தவறாது. “சேர், அது மூன்று தசம் ஐந்தோ, முப்பத்தஞ்சோ?” என்று அரட்டைப் பெட்டியில் வரும் கேள்வி பாதியாகக் குறையும்.

வட்டம் முட்டையாகும் கதை

எழுதும் பகுதியின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.6. இன்றைய லப்டொப் திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த விகிதம் 1.78. பலகை முழுவதையும் திரை முழுவதற்கும் பொருத்தினால், கிடையாக எல்லாம் நூற்றுக்குப் பதினொரு பங்கு நீளும். கையால் சரியாகப் போட்ட வட்டம் திரையில் படுத்த முட்டையாக வரும். 45 பாகை சாய்வு 42 பாகையாகும். கேத்திரகணிதம் படிப்பிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. இயங்கியலில் சாய்தளம் வரைந்து விசைகளைப் பிரிப்பவருக்கும் அப்படித்தான்.

செயலியின் பொருத்தல் பக்கத்தில் விகிதத்தைக் காக்கும் குறி ஒன்று உண்டு. அதைப் போட்டால் பலகையின் உயரத்தில் 95 மி.மீ.க்குப் பதில் 85 மி.மீ. அளவே வேலை செய்யும். கீழே ஒரு சென்றிமீற்றர் வீணாகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அந்த இடத்தில் கை ஊன்றலாம்.

அதே பக்கத்தில் இன்னொன்று. மண்டபத்தில் புரொஜெக்டரையும் இணைத்தால் செயலி இரண்டு திரைகளையும் ஒரே திரையாக எடுத்து, பலகையின் பாதியை ஒன்றுக்கும் மறுபாதியை மற்றதற்கும் கொடுத்துவிடும். எழுத்து இரு மடங்கு அகலமாக வரும். ‘எல்லாத் திரைகளும்’ என்பதை மாற்றி ஒரு திரையைத் தேர்ந்துவிட்டால் சரி. ஸூம் வகுப்பில் மட்டுமல்ல, ரியூசன் மண்டபத்திலும் இந்தப் பலகை பிழைக்கும்: பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல், முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதலாம்.

எவ்வளவு பெரிதாக எழுதுவது

ஆசிரியர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கொப்பியில் நாம் எழுதும் எழுத்து ஏறக்குறைய 5 மி.மீ. உயரம். பழக்கத்தில் பலகையிலும் அதே அளவில் எழுதுவோம். 1366 புள்ளி (பிக்சல்) அகலத் திரையில் பலகையின் ஒரு மில்லிமீற்றருக்கு ஒன்பது புள்ளிகள் என்பதால் அந்த எழுத்து 45 புள்ளி உயரம் வரும். லப்டொப்பில் அது தாராளமாகத் தெரியும், எழுதுபவருக்குத் திருப்தி. இனிப் போனுக்குப் போவோம். ஆறரை அங்குலப் போனை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 68 மி.மீ. அளவு. முழு 1366 புள்ளியும் அதற்குள் அடங்க வேண்டும். உங்கள் எழுத்து அங்கே 2.2 மி.மீ. பத்திரிகையின் பொடி எழுத்து அளவு. கீழிலக்கம், மேலிலக்கம் என்றால் ஒரு மில்லிமீற்றர்தான். ‘ன’வும் ‘ண’வும் ஒன்று போல, படுத்த ‘1’ உம் வகுத்தற்கோடும் ஒன்று போல.

போனைக் கிடையாகப் பிடித்தால் 4 மி.மீ. வரும். பிடியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் கையில் கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு, போனைப் போத்தலில் சாய்த்து வைத்திருக்கும் பிள்ளை எத்தனை நேரம் கேட்கும்? ஆசிரியர் பெரிதாக எழுதுவதே வழி. பலகையில் எழுத்து 8 மி.மீ., வரிக்கு வரி 13 மி.மீ. அப்படியென்றால் ஒரு திரையில் ஆறு வரிதான் பிடிக்கும். ஆறு வரிக்கு ஒரு பக்கம் என்று மனதைத் தயார்ப்படுத்திவிடுங்கள். கரும்பலகையில் ஒரு முழுக் கணக்கையும் ஒரே பார்வையில் வைத்துப் பழகியவருக்கு இது முதலில் கஷ்டம். அதற்கொரு உபாயம்: ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் முந்திய பக்கத்தின் கடைசிச் சமன்பாட்டைத் திரும்ப எழுதிவிட்டுத் தொடங்குவது. பிந்தி வந்த பிள்ளைக்கும் அது உதவும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். காணொளியைச் சுருக்கும் முறைகள் வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிற விவரத்தைக் கால்வாசியாகக் குறைக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து பிள்ளையின் போனில் கலங்கித் தெரிவது அதனால்தான். எழுத்துக்குக் கறுப்பு அல்லது கடும் நீலம். சிவப்பை விடையைச் சுற்றிக் கட்டம் போடவும் அடிக்கோடு இழுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் வேண்டவே வேண்டாம்.

வரி சரிகிறதென்றால் பலகை வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். வலக்கைக்காரர் கொப்பியை இடப்பக்கம் சரித்து வைத்து எழுதிப் பழகியவர்கள். பலகையையும் அப்படிச் சரித்து வைத்து, கண்ணைத் திரையில் பதித்து எழுதினால், வரி வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கும். பலகையின் மேல் விளிம்பு லப்டொப்பின் விளிம்புக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். மேசையில் ஒட்டுநாடாவால் இரண்டு மூலைக்கும் அடையாளம் வைத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் அளக்கத் தேவையில்லை. இடக்கைக்காரர் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, செயலியில் இடக்கை என்று மாற்றிவிட்டால் கேபிள் கையில் இடறாது.

கண் ஓரிடம், கை ஓரிடம் என்ற இந்தப் பழக்கம் வர ஒரு கிழமை எடுக்கும். நாளுக்கு இருபது நிமிடம் போதும்: திரையில் கட்டத்தாளை வைத்து, எட்ட எட்டப் புள்ளி போட்டு, கோட்டால் இணைத்துப் பழகுங்கள். கையைப் பார்க்காதீர்கள்.

எதில் எழுதுவது

ஸூமுக்குள்ளேயே இருக்கும் குறிப்பெழுதும் வசதியை வகுப்பு முழுவதற்கும் நம்பாதீர்கள். பகிர்வை நிறுத்தியதும் எழுதியது போய்விடும், முந்திய பக்கத்தைத் திருப்ப வழியில்லை. தடுத்து வைக்காவிட்டால் பிள்ளைகளும் அதில் கிறுக்கலாம், கிறுக்குவார்கள். ஓபன்போர்ட் என்ற இலவச மென்பொருள் இந்தப் பலகைக்குப் பொருந்தி வருகிறது. கட்டத்தாள், கோட்டுத்தாள் பின்னணி, வேண்டியளவு பக்கங்கள், முடிந்ததும் பி.டி.எஃப் ஆகச் சேமிப்பு. அந்த பி.டி.எஃப்பை வகுப்புக் குழுவுக்கு வட்ஸ்அப்பில் போட்டுவிட்டால், கறண்ட் போய் நடுவில் அறுந்த பிள்ளைக்கும் கணக்கு கிடைத்துவிடும். டேட்டா செலவும் ஒளிப்பதிவோடு பார்த்தால் சொற்பம்.

கடந்தகால வினாத்தாள் செய்விப்பவர்கள் சூர்னல் பிளஸ் பிளஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளைப் பாருங்கள். வினாத்தாளின் பி.டி.எஃப்பை அப்படியே திறந்து, கேள்விக்குக் கீழே வெறும் பக்கம் செருகி, எழுதிக்கொண்டு போகலாம். பாடநூலும் அப்படியே, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடநூல்கள் இலவசமாகவே இருக்கின்றன. இதற்கெல்லாம் ஸ்கேன் எடுத்து மினக்கெடத் தேவையில்லை.

சிக்கலான படம் ஒன்று, ஒரு மின்சுற்றோ கண்ணின் குறுக்குவெட்டோ, வரைய வேண்டுமென்றால் அச்சிட்ட தாளைப் பலகையின் மேல் ஒட்டி, பேனாவால் அதன் மேலேயே வரையலாம். 7 மி.மீ. உயரம் வரை பலகை பேனாவை உணரும் என்பதால் தாள் ஒரு தடையே இல்லை. முனை கொஞ்சம் கூடத் தேயும், அவ்வளவுதான்.

பேனாவின் மேல் பொத்தானுக்கு ‘முந்தியதை அழி’ என்று கொடுங்கள். பலகையில் பொத்தான் இல்லாத குறையை அது ஓரளவு தீர்க்கும். கீழ்ப் பொத்தானை வெறுமனே விட்டுவிடுங்கள். பெருவிரல் அதில் படாமல் யாராலும் எழுத முடியாது.

ஸூமில் திரையைப் பகிரும்போது காணொளிக்கு ஏற்றதாக்கும் குறியைப் போடாதீர்கள். அதைப் போட்டால் அசைவு வழுவழுப்பாகும், எழுத்து மங்கும். இலவசக் கணக்கின் 40 நிமிட எல்லையும் நினைவில் இருக்கட்டும். இரண்டு வினாவுக்கு ஒரு இடைவெளி என்று அதற்கேற்பப் பாடத்தைப் பிரிப்பதுதான் நல்லது.

வகுப்பை ஒளிப்பதிவு செய்து அனுப்புவதென்றால் ஓ.பி.எஸ் என்ற மென்பொருள் போதும். 1280க்கு 720, வினாடிக்கு 15 சட்டம் (பிரேம்), காணொளிக்கு 400 கிலோபிட், குரலுக்கு 64. ஒரு மணி வகுப்பு 210 மெகாபைட் அளவில் நிற்கும். அதே வகுப்பை 2500 கிலோபிட்டில் பதிந்தால் 1,150 மெகாபைட் அளவு ஆகும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு ஊர்வதற்கு அவ்வளவு தேவையில்லை. டேட்டாவுக்கு றீலோட் போடுவது பிள்ளையின் வீட்டார். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது காணொளியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது மறுபடியும் நசுக்கி எழுத்தைக் கொன்றுவிடும்.

கச்சானும் வாடையும்

விளக்கத்தாள்கள் எல்லாம் குளிரூட்டிய அறைக்கு எழுதப்பட்டவை. இங்கே வைகாசியிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மத்தியானத்தில் கை வியர்த்து வடியும். ஈரக்கை பலகையின் சொரசொரப்பில் ஒட்டி இழுக்கும். கோடு விட்டுவிட்டு வரும் என்று பேனாவைக் குறை சொல்வார்கள். சின்னி விரலையும் உள்ளங்கை விளிம்பையும் மூடும் இரண்டு விரல் கையுறை ஒன்று அல்லது மடித்த கைக்குட்டை போதும்.

மணல் அதைவிடப் பொல்லாதது. உப்புவெளி, நிலாவெளிப் பக்க வீடுகளில் யன்னலைத் திறந்தாலே மேசையில் படியும் மெல்லிய மணல், முனைக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கினால் அரத்தாள் போல வேலை செய்யும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் உலர்ந்த மென்துணியால் ஒரு தடவை தட்டிவிடுங்கள். முதலில் ஈரத்துணியால் தேய்க்க வேண்டாம், கீறல் விழும். முனை ஒரு பக்கம் உளி போலத் தேய்ந்து விளிம்பு கூராகிவிட்டால் அன்றே மாற்றுங்கள். உதிரி மூன்று இருக்கிறதே என்று மிச்சம் பிடித்தால் பலகையின் மேற்பரப்பில் கோடு கோடாகப் போய்விடும். வளையத்துக்குள் முனையை விட்டு, நெரித்து, நேராக இழுக்க வேண்டும். சரித்து இழுத்தால் உள்ளே முறியும், பிறகு எடுப்பது பெரிய பாடு.

ஒரு பிளாஸ்ரிக் தாளைப் பலகை மேல் ஒட்டிப் பாவிப்பவர்களும் உண்டு. பலகை தேயாது, ஆனால் பேனா வழுக்கும். தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கு அந்த வழுக்கல் ஒத்துவராது. வெறும் ஏ4 தாளை ஒட்டினால் கொப்பியில் எழுதும் சுகம் கிடைக்கும், முனை சீக்கிரம் தேயும். எதை விடுவது என்பது அவரவர் விருப்பம்.

வாடைக்காற்றுக் காலத்தில் பிரச்சினை கேபிளில் தொடங்கும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து மைக்ரோ முனையின் தொடுகைகளில் களிம்பு பிடிக்கும். பலகை திடீரென்று அணைந்து எரியும். எல்லாரும் செயலியை நீக்கி நிறுவி நேரத்தைப் போக்குவார்கள். கேபிளைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட மெல்லிய தூரிகையால் முனையைத் துடைத்து, காயவிட்டுச் செருகிப் பாருங்கள். பாவிக்காத நேரம் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் இந்த வேலையே வராது. அதே கேபிள் போன் கேபிள் போலத்தான் இருக்கிறது என்று மாற்றிப் போடுபவர்களுக்கு ஒரு சொல்: சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் மலிவுக் கேபிளில் தரவுக் கம்பி இருக்காது. விளக்கு எரியலாம், பேனா வேலை செய்யாது.

கறண்ட் போனால் பலகைக்கு ஒன்றுமில்லை, அது லப்டொப் பற்றரியில் சொற்பமாகவே குடிக்கும். போவது றவுட்டர். 12 வோல்ற் றவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூ.பி.எஸ் ஒன்றுக்குக் காசு ஒதுக்குங்கள். பலகையின் பெரிய அளவை வாங்குவதைவிட அது பலன் தரும்.

காசு மிஞ்சினால் அடுத்தது மைக். எழுத்து கொஞ்சம் மங்கினாலும் பிள்ளை பொறுக்கும், குரல் இரைந்தால் ஐந்து நிமிடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிடும். சட்டையில் குத்தும் சிறிய மைக் போதுமானது. மின்விசிறியின் நேர்க்காற்று அதில் படக்கூடாது. மூன்று ஊசி சார்ஜரை இரண்டு ஊசி மாற்றியில் செருகினால் புவித்தொடுப்பு அறுந்து, மைக்கில் ஒரு ரீங்காரம் ஏறும். அதை மைக்கின் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டு திரிய வேண்டாம்.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

ஹூயியோன் எச்640பி இதற்கு நேர்ப்போட்டி. எழுதும் பகுதி 160க்கு 100 மி.மீ. அளவில் சற்றுப் பெரிது, பக்கத்தில் ஆறு பொத்தான்கள். பக்கம் திருப்ப, அழிக்க, நிறம் மாற்ற அந்தப் பொத்தான்கள் உண்மையில் உதவும். விசைப்பலகையில் கை வைக்க இடமில்லாத ஒடுங்கிய மேசைக்காரர் அதையே வாங்கலாம். எக்ஸ்பி-பென் ஸ்ரார் ஜி640 இல் பொத்தான் இல்லை, உதிரி முனை தாராளம். வாக்கொமில் பிடித்தது கோட்டின் நிதானம்: மெதுவாக ஒரு நேர்கோட்டை மூலைக்கு மூலை இழுத்தால் நடுக்கமின்றி வருகிறது. வரைபுத்தாளில் ஒரு தொடலி வரையும்போது அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். இதே வாக்கொமின் நடுத்தர அளவு சி.ரி.எல்-672, 216க்கு 135 மி.மீ. தோளிலிருந்து கையை அசைத்து எழுதுபவருக்கு அது வசதி. ஆனால் பிள்ளையின் போனில் எழுத்து பெரிதாக வரும் என்று நினைத்து அதை வாங்காதீர்கள். திரைக்கு ஏற்பத்தான் எல்லாம் சுருங்கும்.

இவற்றைப் போனில் மாட்டி வகுப்பெடுக்கலாம் என்றும் சொல்கிறார்கள். நிமிர்ந்த போனின் ஒடுங்கிய திரைக்குப் பலகையின் ஒரு கீற்று மட்டுமே பொருந்தும். தொடர்ந்து எழுத அது போதாது.

எல்லாருக்கும் இது வேண்டும் என்றில்லை. உயிரியல், வரலாறு, தமிழ் படிப்பிப்பவர்கள் படமும் பந்தியும் காட்டிக் கதைப்பவர்கள். அவர்களுக்கு மவுஸ் போதும். ஆரம்ப வகுப்புகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது. ‘இ’ எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிக்கிறது என்பதைக் குழந்தை கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய போன் ஒன்றை நிலைத்தாங்கியில் கவிழ்த்து மாட்டி, கொப்பிக்கு நேர் மேலே 35 சென்றிமீற்றர் அளவு உயரத்தில் வைத்து, குவியத்தைப் பூட்டிவிட்டு, இடப்பக்கத்திலிருந்து மேசை விளக்கை அடித்தால் அதுவே போதும். பெற்றோர் சிலர் உயர்தரப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தக் காசுக்கு கொப்பியும் கடந்தகால வினாத்தாளும் வாங்கலாம். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் பேனையால்தான் எழுத வேண்டும். பிள்ளையின் கை அதற்குப் பழக வேண்டும்.

வாங்கப் போகும்போது லப்டொப்பையும் கொண்டுபோங்கள். கடையிலேயே செருகி, எழுதும் பகுதியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு குறுக்குக்கோடு போட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் கோடு வளைந்தால் வேறொன்று கேளுங்கள். இரும்பு மேசையில் வைத்துச் சோதித்தால் கோடு நடுங்கலாம், அடியில் ஒரு தடித்த கொப்பியை வைத்துவிட்டுச் சோதியுங்கள். பழையது வாங்குவதென்றால் பேனா அந்த மாதிரி இலக்கத்துக்கு உரியதுதானா என்று பாருங்கள், பேனா இல்லாத பலகை வெறும் தட்டுத்தான். உத்தரவாதச் சீட்டில் மாதிரி இலக்கத்தை எழுதி வாங்குங்கள். உதிரி முனைகளையும் வளையத்தையும் எண்ணிப் பாருங்கள். திறந்து மூடிய பெட்டியில் முதலில் காணாமல் போவது அவைதான்.